மொட்டை மாடியில் இரண்டு வருஷம்: பிள்ளைகளோடு ஒரு சோலார் கிட்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகளுக்காக 900 ரூபாய்க்கு ஒரு சோலார் கிட் வாங்கினேன். 6 வோல்ட், 3 வாட் பேனல், ஒரு லித்தியம் செல், சின்ன மோட்டார், 1 வாட் எல்இடி விளக்கு. அப்போது மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு எட்டு. வாங்கிய மாதமே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இப்போது மூன்றரை.

பேனல் பாடம் அரை மணி நேரத்தில் முடிந்தது. மதுரை வெயிலில் வைத்தால் காற்றாடி சுற்றும், கையால் மறைத்தால் நிற்கும். மேகம் மூடிய ஒரு நாளில்தான் சிக்கல். மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் எல்லாம் அளக்கும் கருவி) ஐந்தரை வோல்ட் காட்டுகிறது, மோட்டார் அசையவில்லை. "மீட்டர் பொய் சொல்லுதுப்பா" என்றான் மகன். மீட்டரை ஆம்பியருக்கு, அதாவது எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்பதற்கு, மாற்றிக் காட்டினேன். நல்ல வெயிலில் 480 மில்லிஆம்பியர் வந்தது, அன்றைக்கு வெறும் 40.

சேமிப்புதான் அவர்கள் தலையில் ஏற நாளானது. செல் 3.7 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் வீதம் இரண்டு மணி நேரம்), இரண்டையும் பெருக்கினால் 7.4 வாட்-அவர், 1 வாட் விளக்கு ஏழு மணி நேரம் எரியும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மண்டையை ஆட்டினார்கள், அவ்வளவுதான். ஒருநாள் சின்னவன் சாயங்காலம் முழுக்க விளக்கை வைத்து விளையாடிவிட்டான். ராத்திரி கரண்ட் போனதும் மகள் படிக்க விளக்கைப் போட்டால் பத்து நிமிஷத்தில் அணைந்துவிட்டது. பெரிய சண்டை. மறுநாளிலிருந்து யார் எவ்வளவு நேரம் எரிக்கலாம் என்று அவர்களே நோட்டுப் போட்டார்கள்.

ஆழியாறு போனபோது பக்கத்து மலையிலிருக்கும் கடம்பாறை நீர்மின்நிலையத்தைப் பற்றிச் சொன்னேன், அதுவும் ஒரு சேமிப்புதான். மின்சாரம் மிச்சமாக இருக்கும் நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுப்பார்கள். "ஏத்துறதுக்கே அதிக கரண்ட் ஆகுமே, நஷ்டம்தானே?" என்று மகன் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள்: "நீ மத்தியானம் எரிச்ச விளக்கும் ராத்திரி எனக்கு வேணும்கிற விளக்கும் ஒண்ணாடா?"

சரி, குறைகளுக்கு வருகிறேன். செல் முழுதாக வற்றும் முன் துண்டிக்கும் பாதுகாப்பு சர்க்யூட் இந்தக் கிட்டில் இல்லை. பரீட்சை நேரத்தில் சுவிட்சை அணைக்காமல் பரண்மேல் போட்டுவிட்டோம் (தப்பு என்னுடையதும்தான்). மூன்று மாதம் கழித்து எடுத்தால் 2 வோல்ட்கூட இல்லை. அப்படி வற்றிய லித்தியம் செல்லை மறுபடி சார்ஜ் செய்வது ஆபத்து. மின்கழிவில் கொடுத்துவிட்டு, பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல்லாக வாங்கினேன். பேனல்மேல் இருப்பது கண்ணாடி இல்லை, எபாக்ஸி என்ற பிசின் பூச்சு. அது மஞ்சளடித்து, 480 மில்லிஆம்பியர் வந்த இடத்தில் இப்போது 390தான் வருகிறது. வாங்குபவர்கள் கண்ணாடி போட்ட பேனலாகப் பாருங்கள், மல்டிமீட்டருக்கும் தனியாகக் காசு ஒதுக்குங்கள். அது இல்லாவிட்டால் இது வெறும் பொம்மை.

அப்புறம், கூட வந்த தாளில் பேனலை எப்போதும் தெற்குப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறது. வருஷம் முழுக்க அசைக்காமல் மாட்டி வைக்கும் பேனலுக்கு அது சரி. ஆனால் ஜூன் மாத உச்சி வெயிலில் மதுரையில் நிழல் தெற்கே விழுகிறது, சூரியன் வடக்கே இருக்கிறது. கொடிக்கம்பத்தைப் பார்த்து மகள்தான் கண்டுபிடித்தாள். இந்த ஜூனில் பேனலை வடக்கே சாய்த்து வைத்துத் தினமும் அளந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.