கெலுலுட் பெட்டியா, எட்டு மணிப் பூவா, இல்ல சும்மா விடுறதா?

மலேசியா, பேராக்ல ஊத்தான் மெலிந்தாங் பக்கம் சின்னதா செம்பனை வச்சிருக்கிற ஆளுங்க எல்லாம் இப்ப கெலுலுட், அதாவது கொட்டாத குட்டித் தேனீ, அத வளர்க்கிற பெட்டி பத்திதான் பேசுறாங்க. தேனும் கிடைக்கும், தேனீயும் பிழைக்கும், செம்பனையும் நல்லா காய்க்கும்னு விக்கிறவரு ஒரே மூச்சுல சொல்லிட்டு போறாரு. தேன் கிடைக்கும், அது உண்மை. மத்த ரெண்டையும் கொஞ்சம் பார்க்கணும் லா. தோட்டத்துக்கு நல்லது பண்ண பூ நடுறது, பெரணிய சும்மா விடுறதுன்னு வேற ரெண்டு வழியும் இருக்கு.

மொதல்ல காய்ப்பு. செம்பனைக்கு மகரந்தம் சேர்க்கிற பெரிய வேலை தேனீயோடது இல்ல, மிளகு அளவுகூட இல்லாத ஒரு வண்டோடது. ரஹ்மான் சையத்னு ஒரு பூச்சி ஆய்வாளர் கேமரூன்ல இத கண்டு சொல்லி, 1981ல நம்ம நாட்டுல கொண்டு வந்து விட்டாங்க. அதுக்கு முன்னாடி தோட்டத்து ஆளுங்கதான் மரம் மரமா போய் கையால மகரந்தப் பவுடர் அடிச்சாங்க, வீட்ல வயசானவங்கள கேட்டா கதை கதையா சொல்லுவாங்க. ஆண் பூ விரிஞ்சா சோம்பு வாசம் வரும், கிட்ட போய் லேசா தட்டிப் பாருங்க, வண்டு பொலபொலன்னு கொட்டும். அது முட்டை போட்டு புழு வளர்றதும் அந்த ஆண் பூவுலதான், அதனால பெட்டி வாங்கி வைக்கிறதாலயோ வைக்காததாலயோ அதுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல, ஆனா கண்டபடி பூச்சி மருந்து அடிச்சா ஆகும்.

அடுத்து, தேனீ பிழைக்கிற கதை. கெலுலுட் கொட்டாது, புளிப்புத் தேன், நல்ல விலை, வீட்டுப் பின்னாடி ரம்புத்தான், மாங்கா இருந்தா பூவுக்கும் நல்லது. ஆனா நிறைய கூடு காட்டு மரத்த வெட்டி கட்டையோட தூக்கிட்டு வந்தது, அத வாங்கிட்டு காட்ட காப்பாத்துறேன்னு சொல்றது எனக்கு சிரிப்பாதான் வருது. அதோட கெலுலுட் ரொம்ப தூரம் பறக்காது, சுத்தி மருந்து அடிச்சு தரை எல்லாம் கருகிக் கிடந்தா அது எங்க போய் சாப்பிடும்?

எட்டு மணிப் பூ, அதான் மலாய்ல புங்கா புக்குல் லாப்பான், வெள்ளப் பூ நடுவுல கருப்பா இருக்குமே, காலையில விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள மூடிக்கும். பெரிய எஸ்டேட்டுங்க ரோட்டோரம் வரிசையா நடுறது அழகுக்கு இல்ல. உலாட் புங்குஸ்னு பை மாதிரி கூட்டுக்குள்ள இருந்துக்கிட்டு செம்பனை இலையத் தின்னுற புழு மேல முட்டை போடுற குட்டிக் குளவிங்களுக்கு அந்தத் தேன்தான் சாப்பாடு. நம்ம பக்கம் உலாட் புங்குஸ் வந்தா மட்டை எல்லாம் காஞ்சு எரிஞ்ச மாதிரி நிக்கிறத பார்த்தவங்களுக்கு இதோட அருமை தெரியும். காசும் பெருசா இல்ல, தெரிஞ்சவங்ககிட்ட கொம்பு ஒடிச்சு வாங்கி ஊன்றினா புடிச்சுக்கும், வெயில் மட்டும் வேணும், பெரிய மரத்து நிழல்ல நட்டுட்டு பூக்கலன்னு சொல்லாதீங்க.

மூணாவது வழிக்கு செலவே இல்ல, ஆனா நம்ம ஆளுங்களுக்கு அதுதான் கஷ்டம். மரத்தச் சுத்தி வட்டமும் குலை வெட்டுற ஆளு நடக்கிற பாதையும் மட்டும் சுத்தமா இருந்தா போதும், பிஜி, அதான் உதிர்ந்த பழம், பொறுக்க அது பத்தும். லாலாங் புல்லு, கட்டைச் செடி இருந்தா எடுத்துடுங்க. நடுவுல கிடக்கிற பெரணிய விட்டுடலாம், மண்ணு ஈரமா இருக்கும், பூச்சி தின்னுற பூச்சிங்களுக்கும் ஒளிய இடம். ஆனா பக்கத்துத் தோட்டக்காரரு பார்த்துட்டு என்ன இவ்ளோ செமாக், புதரா கிடக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா உடனே பம்ப தூக்கிடுறோம். 2020 ஜனவரில பாராகுவாட்ங்கிற களைக்கொல்லிய தடை பண்ணிட்டாங்க, சரி, ஆனா மருந்து பேர் மாறுச்சே தவிர எல்லா எடத்துலயும் அடிக்கிற பழக்கம் இன்னும் போகல.

என்னைக் கேட்டா மொதல்ல பெரணிய விடுங்க, அடுத்து ரோட்டோரம் பூ. காசு மிச்சம் இருந்து தேன் ஆசையும் இருந்தா பெட்டி, அதுவும் கூட்டப் பிரிச்சு வளர்த்து விக்கிறவங்ககிட்ட மட்டும். அப்புறமும் உலாட் புங்குஸ் வந்துட்டா, புழு சின்னதா இருக்கும்போதே Bt மருந்து, அதான் பாக்டீரியாவுல செஞ்ச புழு மருந்து, அடிங்க, அத தின்ன புழுதான் சாகும், வண்டுக்கும் குளவிக்கும் பயம் இல்ல.