ஹோக்கன் துவக்கும் பாரமான ஈயச் சன்னமும்: என் அனுபவம்

பாரம் கூடினால் குறி தப்பாது என்று யாராவது சொன்னால், குழலின் புரி, அதாவது சன்னத்தைச் சுழல வைக்க உள்ளே வெட்டிய சுருள் பள்ளம், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முதலில் கேளுங்கள். கனடாவில் நான் பல வருடமாகப் பாவிப்பது தொம்சன் சென்டர் கம்பனியின் ஹோக்கன் துவக்கு. வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தும் சன்னமும் இறக்கிச் சுடும் அரை அங்குலக் குழல். லீவில் யாழ்ப்பாணம் வந்தால் குருநகர் மச்சான் என் சுகத்துக்கு முன்னம் அதன் சுகத்தைத்தான் விசாரிப்பார். வீச்சு வலைக்கு ஈயம் உருக்கிப் பழகிய ஆள். நகத்தால் கீறி ஈயத்தின் மெதுமையைப் பார்க்கப் பழக்கியதும் அவர்தான். (இது ஊர்க் கட்டுத்துவக்கு இல்லை. அங்கே உரிமம் எடுத்து, சுடுதளத்தில் மட்டும் சுடுகிறேன். இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருந்தால் மறியல்தான்.)

இந்தக் குழலில் புரி 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. துணி சுற்றிய ஈய உருண்டைக்கு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றே போதும். நீளச் சன்னத்துக்கு 28, 32 என்று இறுக்கமாக வேண்டும். 48 என்றால் இரண்டும் கெட்டான், அல்லது இரண்டுக்கும் ஆகும், பார்க்கிறவரைப் பொறுத்தது.

177 கிரெயின் உருண்டை, அதாவது பதினொன்றரை கிராம், 50 மீற்றரில் குறை சொல்ல முடியாதபடி ஒன்றோடொன்று ஒட்டி விழும். 385 கிரெயின் சன்னம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆரம்பத்தில் கடதாசியில் இஷ்டத்துக்குச் சிதறியது. மருந்தைக் குறைத்து, மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவே கம்பளி வட்டு ஒன்று வைத்து, ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலைத் துடைத்த பின்தான் அடங்கியது. 100 மீற்றரில், காற்றடிக்கிற நாளில், உருண்டையை விட இதுதான் குறைவாக ஒதுங்குகிறது. அதை விடப் பாரமான நீளச் சன்னம் சரிவரவே இல்லை; கடதாசியில் வட்டத் துளைக்குப் பதிலாக நீளத் துளை. சன்னம் பக்கவாட்டாகப் புரண்டு போயிருக்கிறது.

காரணம் பாரமல்ல, நீளம். 1879இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித வல்லுநர் தந்த சூத்திரம் இன்றும் கைகொடுக்கும்: விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, சன்னத்தின் நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில். அரை அங்குல விட்டமும் 0.8 அங்குல நீளமும் என்றால் விடை 47, அதாவது 47 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் புரி வேண்டும். என் குழல் விளிம்பில் நிற்கிறது. நீளம் 1.1 ஆனால் 34. அந்தப் புரி என்னிடம் இல்லை.

ஈயம் மெதுமையாக இருப்பதும் முக்கியம். மெதுமையான ஈயம்தான் வெடியின் அழுத்தத்தில் விரிந்து புரியைப் பிடிக்கும். கார்ச் சில்லில் அடிக்கும் ஈயத்தில் அதைக் கடினமாக்கும் அன்ரிமனி கலந்திருக்கும். அதில் வார்த்த சன்னத்தைக் கோலால் குத்தி இறக்கவே தோள் கழன்றுவிடும். தோள் என்றதும், 385இன் உதை சும்மா இல்லை. பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது தெரியும்.

உருண்டையைத் துணி பிடித்து வைத்திருக்கும். நீளச் சன்னத்துக்கு அந்தப் பிடி இல்லை. வாயைக் கீழே சரித்துத் துவக்கைக் கொண்டு திரிந்தால் சன்னம் மருந்தை விட்டு முன்னால் வழுகிவிடும். அந்த இடைவெளியோடு சுட்டால் குழலே வெடிக்கலாம். அதனால் சன்னம் மருந்தோடு ஒட்டியிருக்கும்போது குழல் வாய்க்கு நேரே வரும்படி கோலில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். சுடுமுன் கோலை இறக்கிப் பார்ப்பேன். கோடு குழல் வாயோடு சமமாக நிற்காவிட்டால் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வெடித் தொப்பியை மாட்டுவதில்லை.