கிட்டாரா, பியானோவா: ஆர்க்டிக் மங்கீஸின் இரு ஆல்பங்கள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்த ராக் குழுவான ஆர்க்டிக் மங்கீஸை ஒருவருக்கு அறிமுகப்படுத்த எதைக் கொடுப்பது? 2013இல் வந்த ‘ஏஎம்’மா, 2018இல் வந்த ‘டிரான்குவிலிட்டி பேஸ் ஹோட்டல் அண்ட் கசீனோ’வா? இரண்டிலும் தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்டு. பாடுபவர் அதே அலெக்ஸ் டர்னர். ஆனாலும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறு வேறு குழுக்களோ என்று சந்தேகம் வரும்.

‘ஏஎம்’ எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். ‘டூ ஐ வான்னா நோ?’ பாடலில் காலால் தரையை மிதிப்பது போன்ற தாளம், அதன்மேல் தடித்த கிட்டார், பின்னணியில் உச்சக் குரல்கள். ஹிப்ஹாப் நடையை ராக்குக்குள் இழுத்து வந்ததும் சோதனை முயற்சிதான். காதுக்குச் சுகமாக இருப்பதால் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை.

மற்றது அடம்பிடிக்கிற ஆல்பம். முப்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசாக வந்த பியானோவின் முன் அமர்ந்து டர்னர் எழுதியது. பாடல்களின் களம் நிலவில் ஒரு கற்பனை ஹோட்டல், அதற்கு அப்போலோ 11 இறங்கிய இடத்தின் பெயர். வெளியீட்டுக்கு முன் ஒரு தனிப்பாடலைக்கூட விடவில்லை. கிட்டார் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, டர்னர் பாதி பேசுகிறார், பாதி பாடுகிறார். கூட்டத்தோடு சேர்ந்து கத்த வாகான பல்லவிகள் குறைவு. முதல் தடவை கேட்டபோது எனக்குக் கொட்டாவி வந்தது. நான்காம் தடவைதான் பேஸ் கிட்டார் பாட்டைத் தாங்கி நடப்பது காதில் விழுந்தது.

புதியவருக்கு ‘ஏஎம்’. எனக்கு, இரவில், அந்த ஹோட்டல்.