வேலூர்ல மீன் தொட்டி வாங்கப் போறவங்க இத படிச்சிட்டு போங்க, எனக்கு 14,350 ரூபா போச்சி

செம கடுப்புல எழுதறேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. இப்பதான் கடைல இருந்து வந்தேன், வண்டி சாவிய கூட இன்னும் ஆணில மாட்டல, பக்கத்துல ஐஸ்கிரீம் டப்பால ரெண்டு செத்த ஏஞ்சல் மீனு அப்படியே கீது. எந்த மீனோட எந்த மீனு சேரும், எது சேராதுன்னு கடைசில விளக்கமா லிஸ்ட் போடறேன், மொதல்ல நடந்தத சொல்லிடறேன், இல்லன்னா நெஞ்சு வெடிச்சிடும்.

பொண்ணு பொறந்தநாளுக்கு மீன் தொட்டி வேணும்னு ரெண்டு வருஷமா கேட்டுகினே இருந்தா. சத்துவாச்சாரில சொந்த வூட்டுக்கு வந்தாச்சே, இனிமே யாரு கேக்கப் போறான்னு போன ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கெளம்பிட்டோம். கடை பேரு சொல்ல மாட்டேன், ஏரியாவும் சொல்ல மாட்டேன், சொன்னா அதுக்கு வேற பிரச்சனை வரும். பெரிய வண்ண மீன் கடை, ஏசி, செவுரு பூரா தொட்டி, நீல லைட்டு, உள்ள போனாலே பசங்க வாய தொறந்துடும், அந்த மாதிரி.

இப்ப நான் எப்படி ஏமாந்தேன்னு கேளுங்க. என் பையன் ஒரு பெரிய மண்ட வெச்ச மீன காட்டி இதுதான் வேணும்னான். ஃபிளவர்ஹார்ன். விலை 2,500னு போட்டிருந்தான். நான் பர்ஸ தொடறேன், கடைக்காரன் என் கைய புடிச்சி "வாணாம்ணா, இது தனியா இருக்கிற மீனு, கூட எத விட்டாலும் அடிச்சே சாவடிச்சிடும், உங்களுக்கு தெரியாதுன்றதுக்காக நான் வித்தா அது பாவம்ணா, எனக்கும் புள்ளைங்க கீது"ன்னான். அவ்ளோதான் சார், நான் விழுந்துட்டேன். வர்ற 2,500ஐ வாணாம்னு சொல்றானே, இவனாண்ட கண்ண மூடிட்டு வாங்கலாம்னு என் வீட்டுக்காரம்மா கிட்ட காதுல வேற சொன்னேன். அவங்க அப்பவே "எதுக்கும் இன்னொரு கடைல கேப்போம்"னாங்க. நான்தான் கேக்கல. அப்புறம் ஊரு எதுன்னு கேட்டான், குடியாத்தம்னேன், எங்க அக்காவ அங்கதான்ணா குடுத்திருக்கோம்னான். டீ வாங்கியாந்து குடுத்தான். டீல சக்கர ஜாஸ்தி, அது கூட ஞாபகம் இருக்கு.

தொட்டி, மூடி, ஸ்டாண்டு எல்லாம் சேத்து 7,500. மூணு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒண்ணரை அடி உயரம். பில்டர் லைட்டு ஹீட்டர் 2,850. ஹீட்டர்! கத்திரி வெயில்ல, வேலூர்ல, ராத்திரி பதினோரு மணிக்கு டேங்க் தண்ணில குளிச்சா வெந்நீரு மாதிரி வர ஊர்ல, எனக்கு ஹீட்டர் வித்திருக்கான், நானும் வாங்கியிருக்கேன். கேட்டா "ராத்திரில டக்குனு சில்லுனு ஆயிடும்ணா, மீனு தாங்காது". கல்லு, பிளாஸ்டிக் செடி, பின்னாடி ஒட்ற படம் 900. ஒரு மருந்து பாட்டில் 350. மீனு 2,750. மொத்தம் 14,350. பில்லுன்னு குடுத்தது ஒரு துண்டு சீட்டு, அதுல கடை பேரு கூட இல்ல, வெறும் நம்பரா கிறுக்கி குடுத்தான், நான் அத கூட பாக்கல.

மீனு என்னென்னன்னு சொல்றேன், தெரிஞ்சவங்க தலைல அடிச்சிக்குவீங்க. நியான் டெட்ரா 10, கப்பி 6, ஏஞ்சல் 4 (நல்ல பெரிய சைசு), டைகர் பார்ப் 5, குண்டு கோல்ட் பிஷ் 2, ஷார்க்குன்னு சொல்லி வெள்ளையா ரெண்டு, தொட்டிய சுத்தம் பண்ணும்னு ஒரு சக்கர். மொத்தம் 30. எல்லாம் ஒத்துமையா இருக்குமான்னு நான் வாய தொறந்து கேட்டேன். "அண்ணா தம்பி மாதிரி இருக்கும்ணா"ன்னான். ஃபிளவர்ஹார்ன் விக்க மாட்டேன்னு சொன்ன அதே வாய்.

எத்தன நாள் கழிச்சி மீன விடணும்னும் கேட்டேன். நாள் இன்னா நாள், இந்த மருந்த ரெண்டு மூடி ஊத்துங்க, அரை மணி நேரத்துல விடுங்கன்னான். விட்டோம். கேக் வெட்டனோம். அன்னிக்கு ராத்திரி எம் பொண்ணு தொட்டி முன்னாடியே தூங்கிட்டா.

மறுநாள் காலைல பாத்தா ஏஞ்சல் நாலுக்கும் கீழ தொங்குமே நீளமா, அந்த துடுப்பெல்லாம் கிழிஞ்ச துணி மாதிரி. டைகர் பார்ப் அஞ்சும் சேந்து தொரத்தி தொரத்தி கடிக்குது. மூணாவது நாள் நியான் ஆறுதான் இருந்தது, ரெண்டு செத்து கெடந்தது, ரெண்டு ஆளே காணோம். அப்புறம்தான் தெரிஞ்சது, ஏஞ்சல் பெருசா இருந்தா நியான முழுங்கிடுமாம், வாய்க்கு அடங்கற குட்டி மீன எல்லாம் அது சாப்பாடா தான் பாக்குமாம். நாலாவது நாள் கோல்ட் பிஷ் ரெண்டும் மேல வந்து வாய தொறந்து தொறந்து மூச்சு வாங்குது.

போன் பண்ணேன். மொத தடவ எடுத்தான். "சாப்பாடு ஜாஸ்தி போட்டிருப்பீங்கண்ணா, புதுசா வாங்கறவங்க எல்லாரும் இதான் பண்றாங்க." சரி, எம் மேலதான் தப்புன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவ, "தண்ணி பூரா கொட்டிட்டு புதுசா ஊத்துங்க, பில்டர் பஞ்ச கொழாய்ல நல்லா பிழிஞ்சி அலசுங்க, ரெண்டு கை கல் உப்பு போடுங்க". அதையும் செஞ்சேன், லீவு போட்டு செஞ்சேன். மறுநாள் தண்ணி பால் மாதிரி ஆயி ஒரே ராத்திரில 11 மீனு. பசங்க எழுந்துக்கறதுக்குள்ள வழிச்சி எடுத்து முருங்க மரத்தடில பொதச்சேன். மூணாவது தடவ பண்ணப்போ "வேலூர் தண்ணியே சரியில்லண்ணா"ன்னான். அப்ப வேலூர்ல எதுக்குயா மீனு விக்கிறன்னு கேட்டேன், கட் பண்ணிட்டான். அதுக்கப்புறம் போட்டோ அனுப்பனா ப்ளூ டிக் மட்டும் வரும். வேற நம்பர்ல இருந்து பண்ணா ஒரு பையன் எடுத்து "ஓனர் திருப்பதி போயிருக்காரு". மூணு நாளா திருப்பதிலயே இருக்கான். இங்கேந்து மூணு மணி நேரத்துல போற ஊரு.

என் மச்சான், அதாவது வீட்டுக்காரம்மாவோட தம்பி, பெரம்பூர்ல இருக்கான், பக்கத்துல கொளத்தூர் வண்ண மீன் கடைங்க எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வீடியோ கால்ல பாத்துட்டு "மாமா, மீனு போட்டதுலயே தண்ணி வெஷமாயிடுச்சி"ன்னான். மீனோட கழிவுல இருந்து அம்மோனியா வருதாம், அத நைட்ரைட்டா மாத்தறதுக்கு ஒரு பாக்டீரியா, அந்த நைட்ரைட்டும் வெஷம்தான், அத நைட்ரேட்டா மாத்தறதுக்கு இன்னொரு பாக்டீரியா, இதெல்லாம் பில்டர் பஞ்சுல வந்து சேர நாலுல இருந்து ஆறு வாரம் ஆவுமாம். நான் குடுத்தது அரை மணி நேரம். அந்த 350 ரூபா மருந்து இன்னா தெரியுமா, பாட்டில் பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கான், கொழாய் தண்ணில இருக்கிற குளோரின எடுக்கறது, அவ்ளோதான். அதுக்கும் அம்மோனியாவுக்கும் சம்பந்தமே இல்ல. அஞ்சு நாள்ல கொஞ்சமா வந்திருந்த பாக்டீரியாவையும் குளோரின் தண்ணில பிழிஞ்சி நானே சாவடிச்சிட்டேன், அவன் பேச்ச கேட்டு. கோல்ட் பிஷ்ஷுக்கு குளிர்ந்த தண்ணி வேணுமாம், மத்ததுக்கு வெது வெதுன்னு வேணுமாம், இதுல நான் ஹீட்டர் வேற போட்டு வெச்சிருக்கேன். அந்த ஷார்க்கு ஷார்க்கே இல்ல, கெளுத்தி ஜாதி, ஆந்திரால குட்டைல வளத்து மார்க்கெட்ல கிலோ கணக்குல விக்கிறாங்களே பங்காசியஸ், பாசான்னு முள்ளு இல்லாம வெட்டி வருமே, அதோட குட்டி. மூணு அடிக்கு மேல வளருமாம். என் தொட்டியே மூணு அடி.

இன்னிக்கு நேர்ல போனேன். திருப்பதி போன ஓனர் கல்லால உக்காந்து தர்பூசணி சாப்பிட்டுனு இருந்தான். "வாங்கண்ணா, மீனு எப்டி கீது?" டப்பாவ தொறந்து காட்டனேன். "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி கிடையாதுண்ணா, உங்களுக்கே தெரியும், வேணும்னா டைகர் பார்ப் ரெண்டு ஃப்ரீயா எடுத்துக்கோங்க." அதயே குடுக்கறான் பாருங்க! நான் கத்திகினு இருக்கும்போதே ஒரு குடும்பம் உள்ள வந்தது, சின்ன பையன், அவன் நேரா அந்த மண்ட மீனாண்ட போய் நின்னான். எம் பேச்ச பாதில வுட்டுட்டு இவன் ஓடிப்போய் அவங்க அப்பா கைய புடிச்சி "வாணாம்ணா, இது தனியா இருக்கிற மீனு"ன்றான். வார்த்தைக்கு வார்த்தை அதேதான். பாவம்ணா, எனக்கும் புள்ளைங்க கீது. எல்லாம் அதே. அந்த மீனு விக்கறதுக்கு இல்ல சார், அது தூண்டில்ல மாட்ற புழு. நான் அந்த மனுஷனாண்ட போய் டப்பாவ காட்டி ஒரு மாசம் மீனு விடாதீங்கன்னு சொன்னேன், அவரு என்ன ஏதோ போட்டி கடைக்காரன்னு நெனச்சிட்டாரு, ஒதுங்கிப் போயிட்டாரு. நான் வெளிய வரும்போது அவங்களுக்கும் டீ வந்துச்சி.

14,350 ரூபா. தொட்டி இருக்கேன்னு சில பேர் சொல்வீங்க. தொட்டி கீது, பளபளன்னு லைட்டோட கீது, உள்ள இன்னா கீது? 30ல 24 போச்சி. 1915க்கு போன் பண்ணி கன்ஸ்யூமர் கம்ப்ளைண்ட் குடுன்னு மச்சான் சொல்றான், கைல இருக்கிறது பேரில்லாத துண்டு சீட்டு. அதனால பில்லு வாங்குங்க, மொத வேலையா அத செய்யுங்க.

லிஸ்ட் போடறேன்னு சொன்னேன், நைட் ஷிப்ட்டுக்கு டைம் ஆயிடுச்சி, வேகமா சொல்றேன். நம்மூரு போர் தண்ணி உப்பு, பக்கெட்ல வெள்ளையா படியற தண்ணின்னா கப்பி, மாலி, பிளாட்டி மாதிரி தாங்கற மீனா பாருங்க, நியான் அந்த தண்ணிக்கு செட் ஆவாது. டைகர் பார்ப்போட நீள துடுப்பு மீனு எதுவும் வாணாம். கோல்ட் பிஷ்ஷுன்னா கோல்ட் பிஷ் மட்டும். பில்டர் பஞ்ச தொட்டில இருந்து எடுத்த தண்ணிலயே லேசா அலசுங்க. சக்கர் பெருசானா அகழிலயோ ஏரிலயோ கொண்டுபோய் வுடாதீங்க, அங்க இருக்கிற மீனெல்லாம் காலி பண்ணிடும். கடைக்காரன் உங்க வீட்டு தண்ணி எதுன்னு கேக்கலன்னா கெளம்பி வந்துடுங்க. மீதிய அப்புறம் எழுதறேன்.

ஆங், அந்த ஷார்க் ரெண்டும் சாவல. மேல வந்து காத்த முழுங்கிட்டு போவுது, அதனால தண்ணில ஆக்சிஜன் கொறஞ்சாலும் தாங்கும்னு மச்சான் சொல்றான். எம் பொண்ணு ரெண்டுக்கும் பேரு வேற வெச்சிட்டா, அதனால குடுக்கவும் விட மாட்றா. காட்பாடி, ராணிப்பேட்ட, ஆற்காடு பக்கம் யாராவது நெஜமாவே பெரிய சிமெண்ட் தொட்டி கட்டி மீனு வளக்கறவங்க இருந்தா சொல்லுங்க, காசு வாணாம், வாரத்துல ஒரு நாள் அவ வந்து பாத்துட்டு போவா.