மெடிகேப் ஜி, மெடிகேப் என், அட்வான்டேஜ்: 65 வயதில் எதை எடுப்பது?

அமெரிக்காவில் வேலை பார்த்து ஓய்வுபெறும் நம்மவர்கள் பலர், 65 வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வந்துவிட்டால் மருத்துவச் செலவுக் கவலை விட்டது என்று நினைக்கிறார்கள். விடாது. மெடிகேர் நல்ல திட்டம்தான். ஆனால் அதில் நாம் கட்ட வேண்டிய பங்கு ஒன்று இருக்கிறது, அந்தப் பங்குக்கு உச்சவரம்பு கிடையாது. அதைச் சமாளிக்க எந்த வழியில் போகிறோம் என்பதைப் பெரும்பாலான மாநிலங்களில் பிற்பாடு நினைத்தபோது மாற்றிக்கொள்ள முடியாது. இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடுபவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2025-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம்; இந்தக் கட்டுரையில் வரும் மெடிகேர் தொகைகள் எல்லாம் அந்த ஆண்டுடையவை. நீங்களோ உங்கள் கணவர் அல்லது மனைவியோ 40 காலாண்டு, அதாவது 10 ஆண்டு, வேலை பார்த்து வரி கட்டியிருந்தால் மருத்துவமனைப் பகுதியான பார்ட் ஏ இலவசம். டாக்டர், பரிசோதனை, வெளிநோயாளி சிகிச்சைக்கான பார்ட் பி மாதம் 185 டாலர். வருமானம் அதிகமென்றால் இன்னும் கூடும். மருத்துவமனையில் படுத்தால் முதல் 1,676 டாலர் உங்கள் கையிலிருந்து. இது வருடத்துக்கு ஒருமுறை கட்டுவதல்ல. வீட்டுக்கு வந்து 60 நாள் கழித்து மறுபடி சேர்ந்தால் மறுபடியும் 1,676. பார்ட் பி-யில் முதல் 257 டாலருக்குப் பிறகு மெடிகேர் 80 சதவீதம் கொடுக்கும். மீதி 20 சதவீதம் உங்களுடையது.

அந்த 20 சதவீதம்தான் ஆபத்து. முழங்கால் எக்ஸ்ரேயில் அது இருபது டாலரோ முப்பது டாலரோ. ஆனால் புற்றுநோய்க்கு நரம்பு வழியாக ஏற்றும் மருந்து வெளிநோயாளிப் பிரிவில்தான் பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது, அது பார்ட் பி கணக்கில் வரும். ஒரு வருடத்தில் மெடிகேர் அனுமதித்த தொகை 80,000 டாலர் என்று வையுங்கள். உங்கள் பங்கு சுமார் 16,000. அடுத்த வருடமும் சிகிச்சை தொடர்ந்தால் அதே கதை.

இதைத் தடுக்க இரண்டு பாதைகள். மெடிகேரை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் மெடிகேப் எனும் துணைக் காப்பீடு வாங்குவது ஒன்று. மெடிகேரின் பலன்களை ஒரு தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்வது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

ஜி-யும் என்-னும்

மெடிகேப்பில் எனக்குப் பிடித்த விஷயம், 1992-லிருந்து அதன் திட்டங்கள் எழுத்து வாரியாக ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஒரு நிறுவனத்தின் பிளான் ஜி கொடுக்கும் அடிப்படைப் பலன் வேறெந்த நிறுவனத்தின் பிளான் ஜி-யிலும் அதேதான். மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் மூன்றிலும் மட்டும் தனி ஏற்பாடு. ஆகவே "எங்கள் ஜி-யில் விசேஷம் இருக்கிறது" என்று யாராவது ஆரம்பித்தால், சரி, பிரீமியம் எவ்வளவு, கடந்த சில ஆண்டுகளில் எவ்வளவு ஏற்றினீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

முன்பு எல்லோரும் புகழ்ந்த பிளான் எஃப், 2020 ஜனவரி 1 முதல் புதிதாக மெடிகேர் தகுதி பெறுபவர்களுக்குக் கிடையாது. அண்ணன் வைத்திருக்கிறார், எனக்கும் வேண்டும் என்றால் நடக்காது. இன்று 65 ஆகிறவர்களுக்கு உண்மையான போட்டி ஜி-க்கும் என்-னுக்கும்தான்.

ஜி-யில் நீங்கள் கட்டுவது பார்ட் பி-யின் முதல் 257 டாலர் மட்டும். அதற்கப்புறம் மெடிகேர் ஒப்புக்கொண்ட சிகிச்சைகளுக்கு உங்கள் பங்கை அது ஏற்றுக்கொள்கிறது. மருத்துவமனையின் 1,676-ஐயும் அதுவே கட்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் மறுவாழ்வு மையத்தில் 21-ஆம் நாளிலிருந்து 100-ஆம் நாள் வரை தினமும் 209.50 டாலர் கேட்பார்களே, அதையும் கட்டும். அந்த 80 நாளுக்குக் கணக்குப் போட்டால் 16,760 டாலர்.

பிளான் என்-னும் இதே பலன்களைத்தான் கொடுக்கிறது, மூன்று வித்தியாசங்களோடு. டாக்டரைப் பார்க்கப் போனால் 20 டாலர் வரை கோபே, அதாவது ஒவ்வொரு தடவையும் நீங்கள் கையிலிருந்து கட்டும் தொகை. அவசரப் பிரிவுக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பினால் 50 டாலர் வரை. மூன்றாவது, மெடிகேர் நிர்ணயத் தொகையை அப்படியே ஏற்காத டாக்டர்கள் அதற்குமேல் 15 சதவீதம் வரை கேட்க சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த மிகுதியை பிளான் ஜி கட்டும், பிளான் என் கட்டாது. பெரும்பாலான டாக்டர்கள் மெடிகேர் தொகையை ஏற்றுக்கொள்பவர்களே என்பதால் இந்த மூன்றாவது விஷயம் அன்றாடம் வருவதில்லை. பென்சில்வேனியா, ஒஹையோ போன்ற மாநிலங்களில் அப்படிக் கூடுதலாகக் கேட்கவே கூடாது.

மாதப் பிரீமியத்தில் இரண்டுக்கும் 30 டாலர் வித்தியாசம் என்று வைத்தால் வருடத்துக்கு 360. இருபது டாலர் கோபேயில் அது 18 தடவை டாக்டரைப் பார்க்கும் செலவு. வருடத்துக்கு நாலைந்து தடவை மட்டும் போகிறவருக்கு பிளான் என்-தான் லாபம். சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று மூன்று நிபுணர்களிடம் மாறி மாறிப் போகிறவர் ஜி-யில் நிம்மதியாக இருக்கலாம். உங்கள் ஊர்ப் பிரீமியத்தை வைத்து இந்தக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம், ஏஜென்ட் தேவையில்லை.

கையில் சேமிப்பு இருந்து, மாதத் தவணை மட்டும் குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு உயர் டிடக்டிபிள் ஜி என்று ஒன்று உண்டு. 2025-இல் 2,870 டாலர் வரை நீங்கள் கட்டிய பிறகே அது வேலை செய்யும். பேசப்படுவதைவிட நல்ல திட்டம்.

மெடிகேப் எதை எடுத்தாலும் மருந்துக்கு பார்ட் டி தனியாக வாங்க வேண்டும். அதில் வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் உங்கள் கையிலிருந்து போகாது என்ற வரம்பு 2025-இல் வந்தது, அந்த ஆண்டு அது 2,000 டாலர். 2022-இல் நிறைவேறிய சட்டத்தின் பலன். பல், கண்ணாடி, காது மெஷின் எதற்கும் மெடிகேப் பணம் தராது.

அட்வான்டேஜின் நல்லதும் கெட்டதும்

மெடிகேர் தகுதி உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று அட்வான்டேஜில்தான் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்று சொல்வது தவறு. பல திட்டங்களுக்குத் தனிப் பிரீமியம் கிடையாது, பார்ட் பி-க்கான பிரீமியம் மட்டும் கட்டினால் போதும். மருந்து உள்ளேயே வந்துவிடுகிறது. பல் சுத்தம், கண்ணாடி, ஜிம் என்று சில்லறைச் சலுகைகளும் உண்டு. முக்கியமாக, மெடிகேரில் இல்லாத உச்சவரம்பு இதில் இருக்கிறது: 2025-இல் நெட்வொர்க்குக்குள் (திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், மருத்துவமனைகளுக்குள்) அதிகபட்சம் 9,350 டாலர், பல திட்டங்களில் அதைவிடக் குறைவு.

பணத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் அட்வான்டேஜ் தோற்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஜி-க்கு மாதம் 150 டாலர் என்று கொண்டால் பத்து வருடத்தில் 18,000. வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும் என்பதால் நிஜத்தில் இன்னும் அதிகம். அட்வான்டேஜில் அந்தப் பத்து வருடத்தில் இரண்டு மோசமான வருடங்கள் வந்து உச்சவரம்பு வரை கட்டினாலும் 18,700. கிட்டத்தட்ட சமம். ஆக, "ஜி எடுத்தால் பணம் மிச்சம்" என்பவர் முழுக் கணக்கையும் சொல்லவில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மெடிகேப் உள்ளவர், மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும், நாட்டின் எந்த மூலையிலும், யாரிடமும் கேட்காமல் போகலாம். மெடிகேர் அனுமதித்தால் மெடிகேப் மறுபேச்சில்லாமல் தன் பங்கைக் கட்டும். அட்வான்டேஜில் நெட்வொர்க் உண்டு, அது வருடாவருடம் மாறும். பெரிய சிகிச்சை, ஸ்கேன், மறுவாழ்வு மையம் என்றால் முன் அனுமதி வாங்க வேண்டும். மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆராயப்பட்ட முன் அனுமதி மறுப்புகளில் 13 சதவீதம் மெடிகேர் விதிப்படி அனுமதித்திருக்க வேண்டியவை என்று கண்டது. கேஎஃப்எஃப் என்ற சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 2023-இல் மறுக்கப்பட்ட கோரிக்கைகளில் சுமார் 12 சதவீதத்துக்குத்தான் மேல்முறையீடு போனது. போனவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் முடிவு மாறியது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்றால்: இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன அம்மா மறுவாழ்வு மையத்தில் இருக்கிறார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பாத்ரூம் வரை போய்த் திரும்புகிறார், படி ஏற இன்னும் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, வியாழனோடு பணம் கட்டுவது நிற்கிறது என்று ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்குகிறார்கள். அட்வான்டேஜில் அந்தத் தேதியை முடிவு செய்வது காப்பீட்டு நிறுவனம். விரைவு மேல்முறையீடு செய்ய அந்தத் தேதிக்கு முந்தின நாள் நண்பகல் வரைதான் நேரம். வேறு ஊரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு அந்தத் தாளின் விஷயம் தெரியவரும்போதே பாதி நேரம் போயிருக்கும். இப்படி ஒரு நிலைமை வந்தால் தயவுசெய்து உடனே மேல்முறையீடு செய்யுங்கள். அந்தத் தாளிலேயே எண் இருக்கும்.

ஆறு மாதக் கதவு

65 வயது நிரம்பி, பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதம். அதற்குள் எந்த மெடிகேப் நிறுவனமும் உங்கள் நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது, அதற்காகக் கூடுதல் பிரீமியமும் கேட்க முடியாது. ஆறு மாதம் முடிந்தபின் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலைக் கேள்விகள் வரும், மறுக்கவும் செய்வார்கள். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் நான்கும் இதில் கருணை காட்டும் மாநிலங்கள். கலிஃபோர்னியாவின் பிறந்தநாள் விதி, ஏற்கெனவே மெடிகேப் வைத்திருப்பவர் வேறு மெடிகேப்புக்கு மாறத்தான் உதவும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அட்வான்டேஜை விட்டு மெடிகேருக்குத் திரும்பலாம், உண்மைதான். ஆனால் அப்படித் திரும்புகிறவருக்கு மெடிகேப் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. நல்ல உடம்போடு அட்வான்டேஜில் சேர்ந்து, 72 வயதில் நோய் வந்ததும் ஜி-க்கு மாறிக்கொள்ளலாம் என்ற திட்டம் அதனால்தான் நடப்பதில்லை. 65 வயதில் முதன்முறையாக மெடிகேருக்கு வரும்போதே அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு முதல் 12 மாதத்துக்குள் மெடிகேப்போடு திரும்பும் உரிமை இருக்கிறது.

மெடிகேப்பிலிருந்து அட்வான்டேஜுக்குப் போவதோ அந்த அக்டோபர்-டிசம்பர் காலத்தில் சுலபம். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு என்பதால்தான், பிரீமியம் கட்ட முடிகிறவர்கள் மெடிகேப்பில் தொடங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. நெட்வொர்க்குக்கு வெளியேயும் கூடுதல் செலவில் போகவிடும் நல்ல பிபிஓ வகை அட்வான்டேஜைத் தேடி, உங்கள் டாக்டர், அருகிலுள்ள பெரிய மருத்துவமனை, உங்கள் மாத்திரைகள் மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு அக்டோபரிலும் பாருங்கள்.

ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு

மெடிகேர் இந்தியாவில் பணம் கட்டாது. ஜி, என் இரண்டிலும் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு ஒரு பலன் உண்டு: முதல் 250 டாலருக்குப் பின் 80 சதவீதம், வாழ்நாள் மொத்தம் 50,000 டாலர் வரை. நிபந்தனை, பயணத்தின் முதல் 60 நாளுக்குள் நோய் வந்திருக்க வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் சென்னைக்குப் போனவருக்கு டிசம்பரில் நெஞ்சுவலி வந்தால் பலன் உண்டு, பிப்ரவரியில் வந்தால் இல்லை. நீண்ட நாள் தங்குபவர்கள் தனியாகப் பயணக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும்.

சில அட்வான்டேஜ் திட்டங்களும் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்குக் கொடுக்கின்றன. ஆனால் திட்டத்தின் எல்லையை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால், பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். வருடத்தில் பாதியைக் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ கழிக்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே பார்க்க வேண்டும். எங்கே இருந்தாலும் பார்ட் பி-யை நிறுத்தாதீர்கள். விட்டுவிட்டுத் திரும்ப வாங்கினால் ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம் பிரீமியத்தில் ஏறும்.

கிரீன் கார்டில் வந்திருக்கும் பெற்றோருக்கும் வழி இருக்கிறது. தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்த பிறகு, 65 கடந்தவர்கள் மெடிகேரை விலைக்கு வாங்கலாம். வேலைக் கணக்கே இல்லாதவருக்குப் பார்ட் ஏ 2025-இல் மாதம் 518 டாலர், பார்ட் பி தனி. ஆறு மாதக் கதவு அவர்களுக்கும் பார்ட் பி தொடங்கும் மாதத்தில்தான் திறக்கிறது. 72 வயதில் பார்ட் பி வாங்கும் அப்பாவுக்கு, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருந்தாலும், அந்த ஆறு மாதத்தில் கேள்வி கேட்காமல் மெடிகேப் கொடுத்தாக வேண்டும்.

கம்பெனி தரும் ஓய்வுக்காலக் காப்பீடு இருப்பவர்கள் அதை விடுவதற்கு முன், விட்டால் திரும்பச் சேர முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலையை விட்ட பிறகும் கம்பெனிக் காப்பீட்டைச் சொந்தக் காசில் தொடரும் கோப்ரா இருக்கிறதே என்று பார்ட் பி-யைத் தள்ளிப்போடாதீர்கள், அது வேலையில் இருக்கும் காப்பீடாகக் கணக்கில் வராது.

மெடிகேப் வாங்கும்போது பிரீமியம் எந்த முறையில் ஏறும் என்றும் கேளுங்கள்: எல்லா வயதுக்கும் ஒன்றா, சேர்ந்த வயதுக்கு ஏற்பவா, ஒவ்வொரு வருடமும் ஏறும் வயதுக்கு ஏற்பவா. மூன்றாவது வகை தொடக்கத்தில் மலிவாகத் தெரியும், எண்பதில் கடிக்கும். ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு என்பதால், ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற பெயரில் அரசுப் பணத்தில் நடக்கும் இலவச ஆலோசனைச் சேவையையும் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். உங்கள் மருந்துப் பட்டியலையும் டாக்டர்களின் பெயர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் முடியும்.