ஷீட்டா, ஃபைபர் தொட்டியா, சிமெண்டா? கொல்லைக் குளம் தோண்டுமுன் மட்டக் குழாயைக் கேளுங்கள்

10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம். உள்ளே நிற்கப்போவது எப்படியும் தண்ணீர்தான். ஆனால் ரப்பர் ஷீட் விரிக்க ஒரு குழி, ஃபைபர் தொட்டி இறக்க ஒரு குழி, சிமெண்ட் போட ஒரு குழி என்று மூன்றுக்கும் அளவு வேறு. இதை முடிவு செய்யாமல் மண்வெட்டியைத் தூக்கினால், பாதி தோண்டிய பிறகு குழிக்கேற்ற குளத்தைத் தேடி அலைய வேண்டியதுதான். நான் ஷீட் கட்சி. அதற்கு ஒரே காரணம் மட்டம். மற்ற எல்லாவற்றையும் எப்படியாவது சமாளித்துவிடலாம்.

இடத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அல்லி பூக்க நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். பெரிய மரத்தடி ஆகாது, வேரும் தொல்லை, உதிரும் இலையும் தொல்லை. தோட்டத்திலேயே தாழ்வான மூலை இயற்கையாகத் தெரியும், ஆனால் மழைத்தண்ணீர் மண்ணையும் உரத்தையும் அடித்துக்கொண்டு அங்கேதான் வந்து சேரும். நிலத்தடியில் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று பார்த்துவிடுங்கள். வடிவத்தை ரப்பர் ஹோஸால் தரையில் போட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டு, அடிக்கடி நிற்கும் ஜன்னலிலிருந்து பாருங்கள். வரைந்தபோது பெரிதாகத் தெரிந்தது அங்கிருந்து பார்த்தால் பாதியாகத் தெரியும்.

இனி குழிகள்.

ஷீட்டுக்கான குழிதான் மூன்றிலும் சிறியது. செடித் தொட்டிகள் வைக்கச் சுற்றிலும் ஒரு அடி அகலத்தில், 9 அங்குல ஆழத்தில் ஒரு படி விடுவதாக வைத்துக்கொள்வோம். மேலே 10 × 6 × 0.75, அதாவது 45 கன அடி. படிக்குக் கீழே 8 × 4 × 1.25, அதாவது 40. மொத்தம் 85 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் கணக்கில் ஏறக்குறைய 2,400 லிட்டர். படியைக் கழிக்காமல் நீளம், அகலம், ஆழம் என்று பெருக்கினால் 3,400 வரும். பம்பும் ஃபில்டரும் வாங்கும்போது, எத்தனை மீன் என்று கணக்குப் போடும்போது, இந்த ஆயிரம் லிட்டர் பொய் எல்லாவற்றிலும் எதிரொலிக்கும். அடியில் 2 அங்குலம் மணலுக்குக் கூடுதலாகத் தோண்ட வேண்டும். ஆக 90 கன அடி மண். வெட்டிய மண் கால் பங்காவது உப்பும் என்பதால் வெளியே குவிவது 110 கன அடிக்கு மேல் இருக்கும். அதை எங்கே கொட்டுவது என்பதையும் தோண்டுமுன் முடிவு செய்யுங்கள்.

சிமெண்ட் குழியில் சுவருக்குப் பக்கத்துக்கு 6 அங்குலம், தளத்துக்கு 6 அங்குலம், அதற்கடியில் ஜல்லிப் படுகைக்கு 4 அங்குலம் சேர்க்க வேண்டும். செடிப் படியைப் பிறகு செங்கல்லால் கட்டிக்கொள்ளலாம் என்பதால் குழியை நேராகவே இறக்குவது வழக்கம். 11 × 7 × 2.83, கிட்டத்தட்ட 218 கன அடி. ஷீட் குழியைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. கையால் தோண்டுபவருக்கு இந்த ஒரு வரி போதும்.

ஃபைபர் தொட்டிக் குழியின் கதை வேறு. தொட்டியைவிடச் சுற்றிலும் 4 முதல் 6 அங்குலம் அதிகமாகவும், அடியில் மணலுக்கு 2 அங்குலம் அதிகமாகவும் வெட்ட வேண்டும். பிசகுவது அளவெடுப்பதில்தான். தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடி தூவுவது சுலபமாகத் தெரியும். ஆனால் தொட்டி இருபுறமும் ஒரே மாதிரி இல்லையென்றால் கவிழ்த்து வரைந்த கோடு கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாறிவிடும். குழி முடிந்து தொட்டியை நிமிர்த்தி இறக்கும்போதுதான் அது தெரியவரும். நிமிர்த்தியே வையுங்கள், ஆடாமல் நாலு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுங்கள், விளிம்பிலிருந்து தூக்குகுண்டு விட்டு ஓர் அடிக்கு ஒரு புள்ளி குறித்துக்கொண்டே சுற்றி வாருங்கள். ஒவ்வொரு படியின் ஆழத்தையும் தனித்தனியே விளிம்பிலிருந்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். படிக்கு அடியில் மண் தாங்காமல் வெற்றிடம் இருந்தால், மேலே நிற்கும் தண்ணீரின் எடையில் ஃபைபர் அந்த மடிப்பில்தான் விரிசல் விடும்.

இப்போது மட்டம்.

10 அடிக்கு 3 அங்குலம் சரிவான தரை கண்ணுக்குச் சமதளமாகத்தான் தெரியும். குளத்தில் தண்ணீர் நின்றதும் அந்த 3 அங்குலம் அப்பட்டமாகத் தெரியும், ஏனென்றால் தண்ணீரே ஒரு ரசமட்டம். தாழ்ந்த விளிம்பு வரைக்கும்தான் தண்ணீர் ஏறும். எதிர்ப்பக்கத்தில் 3 அங்குலக் கறுப்புப் பட்டை வெயிலில் காயும். விளிம்புகளைச் சமமாக்கியிருந்தால் நிரம்பியிருக்கக்கூடிய அளவோடு ஒப்பிட்டால் 60 சதுர அடிப் பரப்பில் 15 கன அடி, அதாவது 420 லிட்டருக்கு மேல் குறைகிறது. மழை பெய்தால் எப்போதும் அந்த ஒரே இடத்தில் வழிந்து, அங்கே மண் அரித்து, விளிம்பு இன்னும் தாழும்.

எனவே மூன்றில் எதைப் போட்டாலும் மட்டம் பிடித்த பிறகே தோண்ட வேண்டும். சுற்றிலும் 3 அடிக்கு ஒரு முளை அடியுங்கள். 32 அடிச் சுற்றளவுக்கு 11 முளை வரும். பலகையின் மேல் ரசமட்டம் வைத்து ஒரு முளையிலிருந்து அடுத்ததற்கு என்று நகர்ந்து போகாதீர்கள். ஒவ்வொன்றிலும் 2 மில்லிமீட்டர் ஒரே பக்கமாகத் தப்பினால் சுற்றி வருவதற்குள் ஏறக்குறைய ஓர் அங்குலம் ஆகிவிடும். கட்டட வேலையில் பிடிக்கும் மட்டக் குழாய்தான் இதற்குச் சரி. கண்ணாடிபோலத் தெரியும் 20 அடிக் குழாயில் வாளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி இழுத்து நிரப்புங்கள். குழாயை விரலால் சுண்டிக்கொண்டே வந்தால் ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழ்கள் மேலேறும். ஒரு குமிழ் மாட்டியிருந்தாலும் அளவு பொய். இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால்தான் வேலையைத் தொடங்கலாம். ஒரு முனை ஆதார முளையிலேயே இருக்கட்டும், மற்றொன்று ஒவ்வொரு முளையாகப் போகட்டும். முனையை அடைத்திருக்கும் கட்டைவிரலை எடுத்ததும் தண்ணீர் மேலும் கீழும் ஆடும். அது அடங்கும்வரை பொறுங்கள். குழாய்க்குள் தண்ணீரின் மேல்பரப்பு ஓரங்களில் சற்று ஏறி நடுவில் குழிந்திருக்கும், அந்தக் குழிவின் அடியைத்தான் எல்லா முளையிலும் படிக்க வேண்டும். கடைசியில் முதல் முளைக்கே திரும்பி வந்து சரிபாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மட்டம் பிசகும். நான் கட்சி மாற மறுப்பது இந்த இடத்தில்தான். 2,400 லிட்டர் என்பது 2.4 டன். புதிதாக வெட்டிய மண், அதிலும் வரப்புபோல நிரப்பி உயர்த்திய பக்கம், அந்த எடை ஏறியதும் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும். அமுங்கிய பிறகு என்ன செய்ய முடியும் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

ஃபைபர் தொட்டியில் விளிம்பும் அடியும் ஒரே வார்ப்பு. ஒரு பக்கம் முக்கால் அங்குலம் இறங்கினாலும் முழுத் தொட்டியும் சாய்ந்ததாகவே அர்த்தம். திருத்த வேண்டுமானால் தண்ணீரை இறைத்து, பக்கவாட்டு மணலைத் தோண்டி எடுத்து, தொட்டியைத் தூக்கி, அடிமணலைத் திரும்பப் பரப்பி, பழையபடி 4 அங்குலம் தண்ணீர், 4 அங்குலம் மணல் என்று மாற்றி மாற்றி நிரப்பிக்கொண்டு வர வேண்டும். மணல் மட்டும் முந்தினால் காலித் தொட்டி உள்பக்கம் நசுங்கும், தண்ணீர் மட்டும் முந்தினால் வெளிப்பக்கம் பிதுங்கும். முதல் தடவையே ஒரு நாள் வேலை. இரண்டாவது தடவை செய்ய யாருக்கும் மனசு வராது. சாய்ந்த விளிம்பைக் கல் அடுக்கி மறைத்துவிடுவார்கள்.

சிமெண்டில் விளிம்பு மட்டத்தைத் திருத்துவது சுலபம், மேலே ஒரு வரிசை கட்டிக்கொள்ளலாம். ஆனால் மண் ஒரு பக்கம் அமுங்கினால் சிமெண்ட் சாயாது, வெடிக்கும். ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் பிளக்கும் களிமண்ணில் கம்பி கட்டாத தொட்டி தப்புவது அரிது. விரிசல் ஒருமுறை வந்த இடத்தில் மேலே பூசுவது நிரந்தரத் தீர்வல்ல, உள்ளே ஷீட் விரித்துவிடுவதுதான் கடைசியில் பலரும் வந்து சேரும் இடம்.

ஷீட்டில் விளிம்பு என்பது மண்தான். ஷீட்டை மடக்கி, தாழ்ந்த இடத்தில் ஈர மண் போட்டுக் கெட்டித்து, திரும்ப விரித்துக் கல்லை வைத்தால் முடிந்தது. குளத்தில் தண்ணீர் நிற்கும்போதே, மீனைத் தொந்தரவு செய்யாமல், அரை மணி நேரத்தில் ஆகிற வேலை. ஆனால் இதற்கு ஷீட்டில் மிச்சம் இருக்க வேண்டும். ஆகவேதான் அளவுக் கணக்கில் கைவைக்காதீர்கள் என்கிறேன். நீளத்தோடு இரண்டு ஆழம், பிறகு இரண்டு பக்கமும் ஓர் அடி. 10 + 4 + 2 = 16 அடி. அகலத்துக்கு 6 + 4 + 2 = 12 அடி. படிகளுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டாம், படி எத்தனை இருந்தாலும் இறங்கும் உயரமும் குறுக்கே போகும் நீளமும் கூட்டினால் அதேதான் வரும். பக்கச் சுவர் சரிவாக இருந்தால் கொஞ்சம் மிஞ்சும். ஓரத்து ஓர் அடியை ஆறு அங்குலமாகக் குறைத்தால் மொத்த ஷீட்டில் கொஞ்சம் மிச்சப்படும், ஆனால் பின்னால் 3 அங்குலம் உயர்த்த வேண்டி வந்தால் கல்லுக்கு அடியில் மாட்டுவதற்குப் போதிய ஷீட் இருக்காது.

ஷீட் குளம் ஒழுகுகிறது என்றதும் ஓட்டையைத் தேடுவது வழக்கம். பெரும்பாலும் ஓட்டை இருக்காது, எங்கோ ஓர் ஓரம் தாழ்ந்திருக்கும், அல்லது விளிம்பைத் தாண்டி வளர்ந்த புல்லும் பாசியும் திரிபோலத் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். முதலில் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிப் படியின் மேல் வையுங்கள். 24 மணி நேரத்தில் வாளியிலும் குளத்திலும் ஒரே அளவு குறைந்தால் அது வெயில் குடித்த தண்ணீர். குளத்தில் மட்டும் அதிகம் குறைந்தால், ஊற்றாமல் விட்டுவிட்டு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஓட்டை இருந்தால் அந்தக் கோட்டில்தான் இருக்கும்.

ஷீட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். வளைவு நெளிவு அதிகமானால் ஷீட் வீணாகும். 10 அடி நீளத்தில் 2 அடிக்கு ஒரு முறை அகலத்தை அளந்தால் 4, 6, 5.5, 4 என்று வரும் ஒரு கோணல் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றைக் கூட்டி இரண்டால் பெருக்கினால் பரப்பு 39 சதுர அடி. ஆனால் வாங்க வேண்டியது அதே 16 × 12 ஷீட்தான், அதிகபட்ச நீளமும் அதிகபட்ச அகலமும் மாறவில்லையே. மூங்கில், நாணல் வகைகளின் கிழங்குமுனை ஷீட்டைக் குத்திக்கொண்டு வந்துவிடும், பக்கத்தில் அவை இருந்தால் யோசியுங்கள். அடியில் கூரான கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு ஜியோடெக்ஸ்டைல் என்ற கெட்டித் துணி விரிப்பு போடாமல் விடக் கூடாது. மணல் அடித்தளத்தில் நிற்கும், நட்டுக்குத்தான சுவரில் நிற்காது. 1 மில்லிமீட்டர் இபிடிஎம் ரப்பர் ஷீட் மடிப்புகளுக்கு நன்றாக வளைந்துகொடுக்கும், எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் ஷீட் விறைப்பானது, நேர்ச்சுவரும் பெரிய பரப்பும் இருந்தால்தான் அது படியும்.

ஃபைபர் தொட்டி எங்கே ஜெயிக்கிறது? 5 அடிக்குள் அடங்கும் சின்னக் குளம், கெட்டியான மண், பிராண்டும் நாய்: இந்த மூன்றும் சேர்ந்தால் நானும் தொட்டியைத்தான் சொல்வேன். தரைக்கு மேல் சதுரமாகச் சுவர் எழுப்பி, ஓரத்தில் உட்கார வேண்டுமென்றால் சிமெண்ட். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மை ஏறும், ஆகவே குறைந்தது ஒரு வாரம் ஈரப்பதத்தில் ஆறவிட்டு, பல தடவை நிரப்பி இறைத்து, அளந்து பார்த்த பிறகுதான் மீன். இந்த ஒப்பீடு எல்லாம் 2 முதல் 3 அடி ஆழம் வரைக்கும்தான். 4 அடிக்கு மேல் ஆழம் கேட்கும் கோய் மீன் குளத்துக்கு இதை அப்படியே நீட்டக் கூடாது, அங்கே மண்சுவர் சரியாமல் நிறுத்துவதே முதல் பிரச்சினை.

வாங்கும் வரிசையும் மாறுகிறது. ஃபைபர் என்றால் தொட்டி வீட்டுக்கு வந்த பிறகே குழியைக் குறிக்க வேண்டும், படத்தில் போட்ட அளவை நம்பக் கூடாது. ஷீட் என்றால் தலைகீழ். குழி முடியட்டும். மேல் விளிம்பிலிருந்து படி வழியாக இறங்கி, தரையைக் கடந்து, எதிர்ப்படி ஏறி விளிம்பு வரைக்கும் ஒரு கயிற்றை மண்ணோடு ஒட்டப் போடுங்கள். மிக நீண்ட இடத்தில் ஒரு தடவை, மிக அகன்ற இடத்தில் ஒரு தடவை. கயிற்றை எடுத்து அளந்து இரண்டிலும் 2 அடி கூட்டுங்கள். அந்த அளவுதான் கடையில் சொல்ல வேண்டியது. நிரப்பி ஒரு வாரமாவது மண் அமுங்கட்டும், அதற்குமுன் ஓரத்தில் தொங்கும் ஷீட்டைக் கத்தரிக்காதீர்கள்.