மூன்று ஆண்டுகளாக ஒரு சுவிட்சும் அதன் கண்ணுக்குத் தெரியாத கடைசி வரியும்

போன வாரம் என் நெட்வொர்க் சுவிட்சின் (கணினிகளையும் கருவிகளையும் இணைக்கும் பெட்டி) ஃபேன் நின்றுபோனது. கழற்றி, வேறு ஃபேன் மாட்டி, மறுபடி ஓடவிட்டேன். அதே சமயத்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏசிஎல் எழுத அந்தப் பெட்டி சரிவருமா? வாங்கலாமா?" ஏசிஎல் என்றால் எந்தப் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) போகலாம், எது கூடாது என்று சொல்லும் விதிப் பட்டியல். 24 போர்ட், லேயர் 3 (ஐபி முகவரி பார்த்து அனுப்புவது), விலான்களுக்கு (ஒரே சுவிட்சில் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்குகள்) இடையே ரவுட்டிங் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் நேராக என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

ஏசிஎல்லை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். முதலில் பொருந்தும் விதியோடு கதை முடிந்தது. எதுவுமே பொருந்தவில்லை என்றால், நாம் எழுதாத ஒரு கடைசி வரி இருக்கிறது: எல்லாவற்றுக்கும் டினை (தடை). இது இந்தப் பெட்டியின் குற்றமல்ல, பெரும்பாலான சுவிட்சுகளில் இப்படித்தான். பாதுகாப்புக்கு நல்லதும்கூட. என் சண்டை வேறு. அந்த வரி பட்டியலில் தெரிவதில்லை. எத்தனை பாக்கெட்டைக் கொன்றது என்று கணக்கும் காட்டுவதில்லை.

முதல் மாதத்திலேயே இதில் மாட்டினேன். விருந்தினர் வைஃபைக்கு விலான் 40. விதிகள் இரண்டே இரண்டு: 192.168.40.0 இலிருந்து ஊழியர் நெட்வொர்க்கான 192.168.10.0-க்கு டினை, 192.168.40.0 இலிருந்து மற்ற எங்கும் பெர்மிட் (அனுமதி). விலான் இன்டர்ஃபேஸில் 'இன்' திசையில், அதாவது விலானிலிருந்து சுவிட்சுக்குள் வருபவற்றுக்கு, மாட்டினேன். ஏற்கெனவே முகவரி வாங்கியிருந்த போன்கள் எல்லாம் ஓடின. மறுநாள் புதிதாக வந்தவை மட்டும் இணைய முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தன. ஒரு லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி, யாரும் முகவரி கொடுக்காதபோது கருவி தானே வைத்துக்கொள்வது. அக்சஸ் பாயின்ட்டைத் திட்டினேன், கேபிளை மாற்றினேன், முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். அரை நாள் போனது.

காரணம் எளிது. முகவரி கேட்டு வரும் முதல் பாக்கெட்டுக்குச் சொந்த முகவரியே கிடையாது. 0.0.0.0 இலிருந்து 255.255.255.255-க்கு, யுடிபி (முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் முறை) போர்ட் எண் 68 இலிருந்து 67-க்குப் போகும். என் இரண்டு விதியிலும் அது பொருந்தாது. கடைசியில் அந்தப் பேய் வரி கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறது. "எல்லாம் டினை" என்று நானே கையால் எழுதிப் பார்த்த பிறகுதான் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறுவது தெரிந்தது. அன்றிலிருந்து எந்தப் பட்டியலிலும் முதலில் எழுதுவது அந்தக் கடைசி வரியைத்தான். அதில் 'லாக்' (பதிவு எழுதச் சொல்வது) சேர்த்தால் இன்னும் விவரம் கிடைக்கும் என்று ஆசைப்படாதீர்கள். என் சுவிட்சில் லாக் போட்ட விதி பாக்கெட்டுகளை சிபியுவிடம் அனுப்பும். ஒருமுறை போட்டுவிட்டு மறந்தேன், லாகின் திரை வரவே ஒரு யுகம் ஆனது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். வேகம் அருமை. விதிகளை டிகாம் என்ற தனி நினைவகத்தில் வைத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒப்பிடுவதால் 5 விதி இருந்தாலும் 100 இருந்தாலும் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்த இடம் அளவானது. 1024 முதல் 65535 வரை என்று ஒரு போர்ட் எண் வரம்பு கொடுத்தேன். எனக்கு ஒரு வரி, உள்ளே 6 இடம் பிடித்தது. வரிசை எண்களைப் பத்துப் பத்தாக விட்டுப் போடுவதும் பிடிக்கும். 30-க்கும் 40-க்கும் நடுவே 35 என்று செருகிவிடலாம். இது கமாண்ட் வரியில் மட்டும். வெப் பக்கத்தில் நடுவில் செருக வழியே இல்லை. கீழே உள்ளதையெல்லாம் அழித்துத் திரும்ப எழுத வேண்டும். அந்தப் பக்கத்தைச் செய்தவர் ஒரு நாளாவது ஏசிஎல் எழுதியிருப்பாரா?

வைல்டுகார்டு மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி பொருந்த வேண்டும் என்று சொல்லும் எண்) வழக்கமான சப்நெட் மாஸ்க்குக்குத் தலைகீழ் என்பது ஒரு வாரத்தில் பழகிவிடும். 'இன்', 'அவுட்' இரண்டும் சுவிட்சின் பார்வையில் என்பதும் அப்படித்தான். பழகாதது ஒன்று: ஏசிஎல் பேச்சை நினைவில் வைக்காது, எது கேள்வி, எது பதில் என்று அதற்குத் தெரியாது. கேமரா விலானிலிருந்து ஊழியர் பக்கம் எதுவும் போகக்கூடாது என்று அடைத்தேன். அப்புறம் ஊழியர் கேமராவைத் திறந்தால் படமும் வரவில்லை, ஏனென்றால் பதிலும் அதே வழியாகத்தானே வர வேண்டும். 'எஸ்டாப்ளிஷ்டு' (ஏற்கெனவே தொடங்கிய இணைப்பின் பாக்கெட்டை மட்டும் விடச் சொல்வது) போட்டால், இணைப்பு ஏற்படுத்திப் பேசும் டிசிபிக்குத் தீரும். யுடிபிக்கு அதுவும் இல்லை.

இப்போது ஃபேன் கதை. மின்சாரத்தை நிறுத்தி எடுத்தேன், மாட்டினேன், சத்தமில்லாமல் ஓடுகிறது. ஆனால் ஒரு விதி காணவில்லை. எப்போதோ ஓடும் கான்ஃபிகில் (சேவ் செய்யாவிட்டால் மின்சாரம் போனதும் அழியும் அமைப்பு) சேர்த்துவிட்டு சேவ் செய்யாமல் விட்டிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் லாக் அவுட் செய்யும்போது "சேவ் செய்யவில்லை" என்று ஒரு வரி காட்டினால் குறைந்தா போகும்?

மூன்று ஆண்டில் ஒருமுறைகூடத் தானாக ஹேங் ஆனதில்லை, ஒரு போர்ட்கூடப் போகவில்லை. வாங்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கேட்டால் வேறு பதில் வரலாம். இப்போதைக்குக் கோபம் தீரவில்லை. காணாமல் போன விதியைப் பற்றி நோட்டில் "35 சேர்த்தாச்சு" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். எதற்காக என்று எழுதவில்லை. யாரும் இதுவரை எதுவும் வேலை செய்யவில்லை என்று வந்து சொல்லவும் இல்லை.